முப்பத்தோராம் நாள் மலரில் இல்லாத என் அக்கா

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்கா மறைந்து ஒரு வருடம் ஆகிறது. அவருக்காக அச்சாகும் இரண்டாவது நினைவு மலர் இது. முதலாவதை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வடை பாயாசத்தோடு சாப்பிட்டு எழும்பியபோது உங்கள் கைகளில் தந்தோம். முன்னட்டையில் பிள்ளையார், பின்னட்டையில் குத்துவிளக்கு, நடுவில் தோத்திரப் பாடல்களும் வம்சாவளியும். அதிலிருந்த வாழ்க்கைக் குறிப்பை எழுதியவள் நான்தான். அக்கா “சிவநெறி வழுவாது வாழ்ந்து இறைவனடி சேர்ந்தார்” என்று எழுதினேன். அக்கா இருபது வருடங்களுக்கு மேல் கொட்டாஞ்சேனையில் பூசை காணப் போன கத்தோலிக்கர். உங்களில் அநேகமானோருக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே வாங்கி வாசித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று தொலைபேசியிலும் சொன்னீர்கள்.

அதை நம்பிக் கேட்டது ஒரே ஒருவர்தான். கொட்டாஞ்சேனையில் மீன் விற்கும் றீற்றா. விடிய முன்னம் பேலியகொடைச் சந்தைக்குப் போய் மீன் எடுத்து வந்து தெருத் தெருவாக விற்கிறவர். அக்காவின் மிக நெருங்கிய சிநேகிதி. மலரில் ஒரு பிரதி எப்படியோ அவர் கைக்குப் போயிருக்கிறது. தனக்கு வாசிக்கத் தெரியாததால் மகளைக் கொண்டு முழுவதையும் வாசிக்கச் செய்து கேட்டுவிட்டு, அடுத்த நாள் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி வந்தார். படலைக்கு உள்ளே வரவில்லை.

“எல்லாம் கேட்டேன் மிஸ். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இது யாரைப் பத்தி?” என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா இந்த மலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய பெயரை எங்கும் போடவில்லை, அந்தக் கவலை அவருக்கு வேண்டாம். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு நான் செய்த ஒரு காரியத்தையும் இதில் சொல்லப் போகிறேன். அதை மறைக்க வேண்டுமென்றால் எனக்கு முதல் மலரே போதும்.

பிறப்பிடத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். முதல் மலரில் ஊரின் செம்மண், கோயில்கள், கல்விமான்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அக்கா அந்த ஊரில் இருந்தது ஆறு வயது வரைதான். அப்பாவுக்குக் கொழும்பில் கந்தோர் வேலை கிடைத்ததும் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டோம். அக்காவுக்கு ஊர் என்றால் கடற்கரைப் பக்கத்து ரயில் பாதையும் சந்தையும் காலி வீதி பஸ்ஸும்தான். அந்தக் கல்விமான்களில் ஒருவரின் பெயரும் அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, கேட்டுத்தான் எழுதினேன்.

எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்த முதுசம் வாய். யாரையாவது மட்டம் தட்டாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. மலைநாட்டார், கிழக்கு மாகாணத்தார், துறைமுகத்தடி ஆட்கள், சிங்களவர், முஸ்லிம்கள், எங்களிலேயே அடுத்த ஊர்க்காரர், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அந்த வித்தையில் அக்கா எல்லாரையும் விழுங்கியவர். அவர் வேலை பார்த்த கப்பல் கம்பனிக் கந்தோரில், தலைமை லிகிதர் தன் மேசையை அக்காவின் கண்ணில் படாத மூலைக்கு மாற்றிக்கொண்டார் என்று நாங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிச் சிரித்தோம். ஓட்டோவில் ஏறினால் இறங்கும்வரைக்கும் சாரதிக்கு அர்ச்சனை நடக்கும்.

இருபத்தெட்டு வயதில் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. பத்துப் பொருத்தமும் அமோகம் என்று பெரியம்மா சொன்னா. (பெரியம்மா என்பது அம்மாவின் அக்கா. அம்மா இல்லாமல் போன பிறகு எங்கள் வீட்டை ஆண்டவர்.) கலியாணமாகி எட்டாம் மாதம் அத்தான் பிரான்சுக்குப் போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அங்கே வேறொருத்தியோடு இருக்கிறார், ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது என்று பிறகு தெரிய வந்தது. அக்காவின் வாய்க்கு எவன் இருப்பான் என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த வாயைப் பழக்கிவிட்டவர்களும் நீங்கள்தான் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அக்கா துண்டு துண்டாகிப் போனார். எனக்கு வேறு சொல் வரவில்லை. குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே அத்தானோடு சண்டை பிடிப்பார். அவர் கேள்வியையும் இவரே கேட்பார், பதிலையும் இவரே சொல்வார். நின்றபடி சாப்பிடுவார். உப்புப் போட்டேனா என்று என்னிடம் மூன்று தரம் கேட்பார். கை ஒரு வேலை செய்யும், மனம் பாரிசில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் நிற்கும்.

அக்காவைக் கொட்டாஞ்சேனைப் பக்கம் அனுப்பியவர் பெரியம்மாதான். அந்தோனியார் கோயிலில் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்தினால் புருஷன் திரும்பி வருவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தோனியாரிடம் போகாத ஆள் எங்கள் குடும்பத்தில் யார்? விசாவுக்குப் போனீர்கள். பிள்ளையின் பள்ளிச் சோதனைக்குப் போனீர்கள். காணாமல் போன சங்கிலிக்கும் போனீர்கள். கேட்டது கிடைத்ததும் வீட்டுக்கு வந்து, வேதக்காரர் சனங்களை மதம் மாற்றுகிறார்கள் என்று மேடைப் பேச்சுப் பேசினீர்கள்.

ஒன்பதாவது செவ்வாய் என்று நினைக்கிறேன். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அக்கா பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சின்னத் தேவாலயத்துக்குள் ஒதுங்கி, ஒரு மர வாங்கில் இருந்திருக்கிறார். அங்கே ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தார். “காலைக் கொஞ்சம் தூக்குங்க மிஸ்” என்றாராம். அதுதான் றீற்றா. காலைத் தூக்கிக்கொண்டே அக்கா நேர்த்திக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

“சரி, அவர் வந்துட்டாருன்னு வைங்க. வந்தா என்ன செய்வீங்க?” என்று றீற்றா கேட்டிருக்கிறார்.

“கேக்கிறதெல்லாம் கேப்பன், கிழிச்சுத் தொங்கவிடுவன்” என்று அக்கா சொன்னாராம்.

“வந்தாலும் ஏசுவீங்க. வராட்டியும் ஏசுறீங்க. அதுக்கு எதுக்கு மிஸ் மெழுகுதிரி?” என்றுவிட்டு றீற்றா அடுத்த வாங்கைக் கூட்டப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் அக்காவிடம் இப்படிக் கதைத்தவர் உயிரோடு திரும்பியிருக்கமாட்டார். அக்கா மழை விடும்வரை அதிலேயே இருந்தார். அடுத்த கிழமையும் போனார். இந்த முறை அந்தோனியாரிடம் போகவில்லை, நேரே அந்தச் சின்னக் கோயிலுக்கே போனார். எதையும் கேட்காமல் அங்கே போய் இருந்துவிட்டு வருவார். நாங்கள் பயப்படத் தொடங்கியது அப்போதுதான். கேட்டு வாங்கப் போனால் எங்களுக்கு அது வியாபாரம், விளங்கும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மதியச் சாப்பாட்டு நேரம், வாற பாஸ்காத் திருநாளுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்று அக்கா சொன்னார். பெரியம்மா சோற்றுக் கையோடு எழும்பிவிட்டா.

“அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கிறது வேற, வேதத்தில சேருறது வேற. ஆக்கள் என்ன கதைப்பினம்?”

“ஆக்கள் கதைக்கிறதை இருபது வருசமாக் கேட்டனான் பெரியம்மா. நானும் நல்லாக் கதைச்சனான். காணும்” என்றார் அக்கா.

மீன்காரியின் வீட்டில் அக்கா கை நனைக்கிறார் என்ற செய்தி வந்ததும், நீலக் கரை போட்ட ஒரு எனாமல் கோப்பையைப் பெரியம்மா அலுமாரித் தட்டின் ஓரத்தில் தனியே வைத்தா. அக்கா அந்த வீட்டின் மூத்த பெண். சொந்த வீட்டில் அவருக்குத் தனிக் கோப்பை. பழைய அக்கா என்றால் அது காலி வீதியில் போய் விழுந்திருக்கும். அக்கா அதில் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, “இது நல்ல கோப்பை, சூடு ஆறாது” என்றார். பெரியம்மா சாகும்வரைக்கும் அந்தக் கோப்பைதான். பெரியம்மாவைக் கடைசி நான்கு வருடம் தூக்கிக் குளிப்பாட்டியதும் அக்காதான், அந்தக் கைக்கு மட்டும் தீட்டு இருக்கவில்லை. கோப்பையைத் தனியாகக் கழுவி வைத்தவள் நான். அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்காவை அங்கே மயக்கி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார் என்று அண்ணா கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்துச் சொன்னார். போனேன். அன்று கோயில் திருநாள். பாட்டுக்காரர்களில் இரண்டு பேர்கூட ஒரே சுதியில் இல்லை. ஒலிபெருக்கி இரைந்தது. சுவாமி என்று அவர்கள் கூப்பிடும் பாதிரியாரின் பிரசங்கம் முடிவதாக இல்லை. பிறகு ஒருவர் எழும்பி, தனக்குக் கிடைத்த சமாதானத்தைப் பற்றி நெஞ்சில் கை வைத்துக் கண்ணீர் விட்டுப் பேசினார். பேசி முடித்ததும் ஒலிவாங்கியை அடுத்தவருக்குக் கொடுக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார். சமாதானத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை எனக்கு எந்தச் சமயத்திலும் பிடிப்பதில்லை. காலையில் தாமரைப் பூவோடு மனச்சாந்தி வாட்ஸ்அப்பில் அனுப்பும் எங்கள் சொந்தங்கள் ஒரு பக்கம் என்றால் இவர்கள் மறு பக்கம்.

அக்கா பின்கட்டில், சாப்பாட்டுக்கு வெங்காயம் வெட்டும் பெண்களோடு பாயில் இருந்தார். றீற்றா அவர் வெட்டிய வெங்காயத்தைக் கையில் எடுத்து எல்லாருக்கும் காட்டி, “இது என்ன மிஸ், யானைக்கா சமைக்கிறோம்?” என்றார். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயத்தைச் சின்னதாக வெட்டத் தொடங்கினார். தன்னைப் பிழை பிடித்த ஒருவரைப் பார்த்து அக்கா சிரித்ததை அதற்கு முதல் நான் கண்டதில்லை. அண்ணாவுக்கு எடுத்து, ஓம், மயக்கித்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். நான் கண்டதைச் சொல்ல எனக்கு வேறு பேச்சு இருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அத்தான் வந்தார். விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு. சட்டத்தரணியின் கந்தோருக்கு அக்காவோடு நானும் போனேன். அவரை ஏசுவதற்கு மூன்று நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வழுக்கை விழுந்து, வயிறு வைத்து, பத்திரங்கள் வைத்த ஒரு பிளாஸ்டிக் கோவையை மடியில் பிடித்துக்கொண்டு இருந்தார். சட்டத்தரணி காட்டிய இடமெல்லாம் அக்கா கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்து, “மகள் என்ன படிக்கிறா?” என்று கேட்டார். அத்தான் அழத் தொடங்கிவிட்டார். அக்கா எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது நான் கேட்டேன்: “உங்களுக்கு ரோசமே இல்லையா?”

“இருந்தது. நாள் முழுக்க அந்த மனுசனோட சண்டை பிடிச்சுக்கொண்டு திரிஞ்சனான், உனக்குத் தெரியும்தானே. செபம் பண்ணத் தொடங்கின புதிசிலயும் ஏச்சுத்தான் வந்தது. ஆண்டவரையும் விடேல்லை, வாயில வந்ததெல்லாம் சொல்லி ஏசினனான். அவர் குறுக்க ஒண்டும் கதைக்கேல்லை. எல்லாம் ஏசி முடிஞ்ச பிறகு பாத்தா, அங்க நானும் அவரும் மட்டும்தான் இருந்தம். இப்ப நான் இருக்கிற இடத்தில நான் இருக்கிறன். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு, பம்பலப்பிட்டியில் ஏறிய ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு எழும்பி இடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பருப்புக் காய்ச்சினார். உப்பைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. எனக்கு ஆண்டவரைத் தெரியாது. அந்தப் பாட்டும் பிரசங்கமும் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. இதை வாசித்துவிட்டு நானும் வேதத்தில் சேர்ந்துவிட்டேன் என்று கதை கட்ட வேண்டாம். ஆனால் துண்டு துண்டாகக் கிடந்த ஒரு மனுஷி முழுசாகி நடமாடியதை அந்த வீட்டிலேயே இருந்து பார்த்தவள் நான். அதை மலரில் ஒரு வரி எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசி நாட்களுக்கு வருகிறேன். ஈரலில் நோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. களுபோவிலை ஆஸ்பத்திரி வாட்டில் மூன்று கிழமை இருந்தார். அங்கே அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “சுவாமியைக் கூப்பிட்டு நோயில் பூசுதல் தரச் சொல்லு. எனக்கு அது வேணும்” என்றார். நோயாளிக்குத் தைலம் பூசிச் செபிப்பது அவர்கள் வழக்கம். சரி என்று வாக்குக் கொடுத்தேன். சுவாமிக்கும் சொன்னேன்.

அதற்குள் அண்ணா வந்து இறங்கிவிட்டார். கட்டிலின் தலைமாட்டில் நின்று, ஒரு கையில் திருநீற்றுப் பொட்டலமும் மறு கையில் தொலைபேசியுமாக, கனடாவில் இருக்கிறவர்களுக்கு அக்காவைக் காட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசிக்குள்ளிருந்து நீங்களும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நோயாளர்களைப் பார்க்கும் அந்த மத்தியான நேரத்தில்தான் சுவாமியும் றீற்றாவும் வாட்டு வாசலுக்கு வந்தார்கள். நான் ஓடிப் போய் வாசலிலேயே மறித்தேன்.

“இப்ப வேண்டாம் சுவாமி. அவ நித்திரை” என்றேன்.

அக்கா நித்திரை இல்லை. வாசலில் இருந்து பார்த்தால் அவருடைய திறந்த கண் தெரியும். சுவாமி அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நாளைக்கு வருகிறேன் என்றார். றீற்றாவும் அவரும் திரும்பிப் போனார்கள். அடுத்த நாள் விடிந்தபோது அக்கா இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு ஐயர் வந்தார், பொற்சுண்ணம் பாடி இடித்தோம், எரித்தோம். றீற்றாவும் பத்துப் பெண்களும் செபமாலையோடு வெளியே நடைபாதையில் வெயிலில் நின்றார்கள். உள்ளே கதிரைகள் வெறுமையாக இருந்தன. எங்களில் ஒருவர்கூட வந்து இருங்கோ என்று சொல்லவில்லை. நூறு பேர் இருந்தோம், எல்லாரும் படித்தவர்கள்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. முதல் மலரில் வெளிநாட்டிலிருந்து இரங்கல் செய்தி அனுப்பியவர்களுக்கு அரைப் பக்கம் நன்றி சொன்னேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மூன்று கிழமையும் ஒரு நாள் விடாமல் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அக்காவுக்குக் கஞ்சி பருக்கிய றீற்றாவுக்கு நன்றி. அக்காவின் உடுப்புகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்த கொட்டாஞ்சேனைப் பெண்களுக்கு நன்றி. சிங்களத்தில் அக்காவோடு கதைத்து அவரைச் சிரிக்க வைத்த, பெயர் தெரியாத அந்த வாட்டுத் தாதிக்கு நன்றி.

சுவாமிக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் முகம் இல்லை. சுவாமியை நான் மறித்த அன்று, அண்ணா போன பிறகு அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“சுவாமி வந்தவர் என்ன?”

“ஓம்.”

“அண்ணாவுக்குப் பயந்தனியோ?”

“ஓம் அக்கா.”

அவர் ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அக்கா என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். நெற்றி சுட்டது.

“நான் சரியாத்தான் இருக்கிறன், அவர் பூசினாலும் பூசாட்டியும். உன்னை நினைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. நீ இதைச் சுமந்துகொண்டு திரியப்போறாய். சுவாமியிட்ட ஒருக்காப் போய் வாயால சொல்லிப்போடு” என்றார். பிறகு, “போய்ச் சாப்பிடு” என்றார். அதற்குப் பிறகு அக்கா என்னோடு கதைக்கவில்லை.

ஒரு வருடமாகச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். நான்கு தரம் கொட்டாஞ்சேனை வரை போய், கோயிலுக்குள் போகாமல் புறக்கோட்டைக்கு நடந்து, பஸ் எடுத்துத் திரும்பி வந்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அக்காவின் ஆண்டுப் பூசை அந்தச் சின்னக் கோயிலில் நடக்கிறது. பூசை முடிய உள்ளே போய்ச் சுவாமியிடம் சொல்லப்போகிறேன். நீங்கள் எல்லாரும் வரலாம். வரமாட்டீர்கள் என்பதும் தெரியும்.

அண்ணா, இந்த மலரை நீங்கள் எப்படியும் வாசிப்பீர்கள். உங்களுக்கு ஒன்று மட்டும். நான் வாசலில் நின்று சுவாமியிடம் பொய் சொன்னபோது, நீங்கள் தலையைத் திருப்பிப் பார்த்தீர்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தது. பிறகு தொலைபேசியை அக்காவின் முகத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனீர்கள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போகும்போது என்னுடைய பங்கை மட்டும்தான் சொல்வேன். உங்களுடையதை நீங்கள் வந்து சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தங்கை
வெள்ளவத்தை